பதினோரு நாளும் ஒரு வினைச்சொல்லும்

நார்ரோ, நார்ராஸ், நார்ராத். சொல்கிறேன், சொல்கிறாய், சொல்கிறான். இலத்தீனில் இதைவிடச் சாதுவான வினைச்சொல் கிடையாது, முதல் வகை, கோணல் மாணல் எதுவும் இல்லை, முதலாண்டுப் பையன்கள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். இருபது வருஷமாக அதைச் சொல்லிக்கொடுக்கிற நான்தான் நாலு நாளாக அதில் சிக்கிக் கிடக்கிறேன். குருமடத்துப் பையன்களுக்கு இலத்தீன் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று போட்டுக் கொடுங்கள் சார் என்று அதிபர் கேட்டார், சாமியாருக்குப் படிக்க வருகிறவர்களே வருஷத்துக்கு ஏழு பேர், அவர்களுக்கு எதற்குப் பட்டியல் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, சரி ஃபாதர் என்றேன், எனக்கு எதற்கும் சரி ஃபாதர்தான். ஏ-யில் ஆரம்பித்து எம் வரைக்கும் மூச்சு வாங்காமல் வந்துவிட்டேன். என்-னில் நார்ராரே வந்தது. கதை சொல்லுதல், எடுத்துரைத்தல், நடந்ததை விவரித்தல் என்று மூன்று பொருளைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஆயர் இல்லத்தின் மாடி வராந்தாவில், திருமண நீதிமன்றம் என்று நீலப் பலகை மாட்டிய அறைக்கு வெளியே, மர பெஞ்சில். மணி பத்தேகால். என்னைப் பதினொன்றுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், நான்தான் வழக்கம்போல முன்னாடியே வந்துவிட்டேன். பெஞ்சின் மறுகோடியில் ஜெயசீலி. கட்டினவனையும் கட்டினவளையும் ஒரே நாளில் கூப்பிடுவதில்லை, அது இந்த நீதிமன்றத்தின் பழக்கம், முகத்தைப் பார்த்தால் சாட்சி மாறிவிடுமாம். அவள் சாட்சி போன மாதமே முடிந்துவிட்டது. இன்றைக்குப் புது ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றைக் கொடுக்க வந்தவளை, எழுத்தர் அம்மா வரட்டும், உட்காருங்கள் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு நாலு பேர் உட்காரலாம். யாரும் இல்லை.

என் மனைவி என்று எழுத வருகிறது. இன்றைக்கு எழுதலாம், இந்த வருஷக் கடைசி வரைக்கும் எழுதலாம். அப்புறம் முன்னாள் மனைவி என்றுகூட எழுத முடியாது. கோயில் சட்டத்தில் விவாகரத்து கிடையாது, உடைந்த கல்யாணத்தை உடைந்தது என்று அது சொல்லாது, அது முதல் நாளிலிருந்தே கல்யாணமாக இல்லை என்று தீர்ப்பு எழுதும். அப்படித் தீர்ப்பு வந்தால்தான் அவள் கோயிலில் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள முடியும். செய்துகொள்ளட்டும். அவளுக்கு நாற்பத்தைந்து வயது, மாப்பிள்ளை மணப்பாறைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மனைவியை இழந்தவர், ஞானாதிக்கம் என்று பெயர், நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நல்ல மனுஷனாக இல்லாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். மனுவில் அவள் எழுதியிருப்பது பொய்யும் இல்லை. இன்னாசிமுத்து என்பவர் தம் தாயாரின் நெருக்குதலால்தான் என்னை மணந்தார், முழுமனதாய் அல்ல. உண்மைதான். எட்டு வருஷம் குருமடத்தில் இருந்துவிட்டு, பட்டத்துக்கு ஒரு வருஷம் பாக்கி இருக்கையில், எனக்கு இது ஒத்துவராது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். அம்மா அழவில்லை, திட்டவில்லை. பூசையில் சாமியார் கொடுக்கிற நன்மையை, அந்தத் திரு அப்பத்தை, வாங்குவதை நிறுத்திவிட்டாள். ஊரே எழுந்து வரிசையில் போகும்போது அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் இருப்பாள், ஊர் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். சாமிக்குக் கொடுத்த பிள்ளையைத் திரும்ப வாங்கினவள் எந்த வாயால் நன்மை வாங்குவது, ஒரு குடும்பஸ்தனாகவாவது நில்லு, அப்புறம் வாங்குகிறேன் என்றாள். ஏழு ஞாயிறு. எட்டாவது ஞாயிறு சரி என்றேன். அதற்கடுத்த மூன்று ஞாயிறும் கோயிலில் ஓலை வாசித்தார்கள், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று. தடை தெரிந்த ஒரே ஆள் நான், ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

ஆனால் மந்திரம் சோதித்த அன்று நான் சிரித்தேன். அதை எந்தக் கேள்வித்தாளிலும் கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பங்குச் சாமியார் கூப்பிட்டு மந்திரங்களை ஒப்பிக்கச் சொல்வாரே, அதில் விசுவாசப் பிரமாணத்தில் பாதியில் நான் நின்றுவிட்டேன். இலத்தீனில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், தமிழில் வரவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெண், அதுவரை நிமிர்ந்தே பார்க்காத பெண், தரையைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். எட்டு வருஷம் என்னத்தைடா படிச்சே என்று சாமியார் கேட்டார். அப்போது சிரித்தேன், அவளும் சிரித்தாள், அவளுக்கு மேல்பல் ஒன்று கொஞ்சம் தள்ளி இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் மூன்று மாதம் கழித்து, ஆடி மாதக் காற்று, வாசல் கதவு அடித்துக்கொண்டே இருந்த ஒரு சாயங்காலம், உள்ளே யாரோ நாலைந்து பேர் பேசுகிற சத்தம். போய்ப் பார்த்தால் இவள் ஒருத்திதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுநாள் சொல்ல வேண்டிய கதையைச் சுவருக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நரிக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல், ஆமைக்குப் பங்குச் சாமியாரின் குரல். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு, வெட்கத்தை மறைக்க, கதை சொல்றதுக்கு உங்க பாஷையில என்னங்க என்றாள். நார்ராரே என்றேன். சொல்லுன்னு ஒருத்தர்கிட்ட கேக்கணும்னா? நார்ரா. இதென்னங்க, ஆந்திராவுல ஆளைக் கூப்பிடுற மாதிரி இருக்கு என்று சிரித்தாள். மறுநாளிலிருந்து நான் குருமடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அடுப்படியிலிருந்து நார்ரா என்று குரல் வரும், நான் அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டும், எந்தப் பையன் எந்த வேற்றுமையில் விழுந்தான், அதிபர் என்ன சொன்னார், சாம்பாரில் உப்பு இருந்ததா. அவ்வளவு நாள் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அந்த மூன்றாம் மாதத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது என்று வைத்துக்கொண்டால் இவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு மே மாதம் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு என் மனசு எங்கே இருந்தது என்பதுதான் வேண்டும்.

வகுப்பில் இந்தச் சொல்லுக்கு நான் கொடுக்கிற விளக்கம் ஒன்று உண்டு, பையன்களுக்குப் பிடிக்கும். தெரிந்தவன் என்பதற்கு ஞாருஸ் என்று பழைய சொல், நம் ஞானத்துக்குத் தூரத்துச் சொந்தம். தெரியாதவன் இஞ்ஞாருஸ். ஞாருஸிலிருந்து வந்ததுதான் நார்ராரே. ஆகவே கதை சொல்லுவது என்றால் வாயை அசைப்பதல்ல தம்பிகளே, தெரியாதவனைத் தெரிந்தவனாக்குவது, அவ்வளவுதான் என்று சாக்பீசைக் கீழே வைப்பேன். அவ்வளவுதான். ஒருத்திக்குத் தெரியாது, ஒருத்தனுக்குத் தெரியும், நடுவில் ஒரு வினைச்சொல். பதினோரு நாள் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. பதினைந்து வருஷத்துக்கு முன் எங்கள் குழந்தை மணப்பாறையில் பிறந்தது, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், இரண்டு மணி நேரத்தில் உதடு நீலமாகிவிட்டது, இருதயத்தில் கோளாறு, திருச்சிக்குக் கொண்டு போ என்றார்கள். சீலிக்குத் தையல் பழுத்துக் காய்ச்சல், அவளை அசைக்க முடியாது. நான் மட்டும் போனேன். கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் வட்டமாக ஒரு துவாரம், அதில் கையை விடலாம், என் சுண்டுவிரலை அது பிடித்துக்கொள்ளும். நெற்றியைச் சுருக்கும், பாடம் புரியாத பையன் மாதிரி. ஒரே ஒரு தடவை தும்மியது. மூன்றாம் நாள் அங்கிருந்த நர்ஸ் சிஸ்டர் எமரன்சியா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, ஞானஸ்நானம் கொடுத்திடுவோம் சார், என்ன பேரு என்றார். நாங்கள் பேர் யோசித்து வைக்கவே இல்லை. என் வாயில் வந்த ஒரே பெண்பெயர் ஜெயசீலி. அம்மாவின் பேரே மகளுக்கும் ஆயிற்று. தினம் சாயங்காலம் போன் போட்டு, அப்படியேதான் இருக்கா என்பேன். பதினோராவது நாள் மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு சிஸ்டர் என் தோளைத் தொட்டு, சார் இங்கயே இருங்க, இனி ரொம்ப நேரம் இல்லை என்றார். நான் சொன்னேன், ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன் சிஸ்டர்.

ஒரு டீ இல்லை, இரண்டு. எதிர்ச்சாரியில் கடை, வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், ஒரு லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், பதினேழு மூட்டை இறக்கினார்கள், அந்தக் கண்ணாடி கிளாசின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது. நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் என் மனசில் ஓடியது ஒரே ஒரு வாக்கியம், அதை இலத்தீனில்கூட நான் சொல்லிப் பார்த்ததில்லை, முடிஞ்சா போதும். பெற்ற பிள்ளையைப் பற்றி, முடிஞ்சா போதும். திரும்பிப் போனபோது ரோஸ் துணியில் சுற்றிவிட்டிருந்தார்கள். சிஸ்டர் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்பதான் சார் என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் என் தம்பியும் நானும் போய்க் கல்லறையில் வைத்துவிட்டு மணப்பாறைக்குப் போனோம். சீலி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சொல்லுங்க என்றாள். மூன்று முப்பத்தைந்துக்கு உயிர் பிரிந்தது, இன்று காலை அடக்கம் செய்யப்பட்டது என்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி. இலத்தீனில் அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது, நார்ராத்தூர், சொல்லப்படுகிறது, யார் சொல்வது என்று கேட்காதே, அது பாட்டுக்குச் சொல்லப்படும். எனக்கு அந்த வடிவம் மேல் தனிப் பிரியம். சீலி அதோடு விடவில்லை, நீங்க பக்கத்துல இருந்தீங்களா என்றாள். ம் என்றேன். ஒரே எழுத்து. அந்த ஓர் எழுத்தைத்தான் பதினைந்து வருஷமாகத் திரும்ப எடுக்க முடியவில்லை. அப்புறமும் கேட்டாள். குளிக்கப் போகும்போது கேட்பாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள், அவ யாரு சாயலுங்க, அழுதாளா, கடைசி நாள் எப்படி இருந்தா. அன்னைக்கு என்னங்க நடந்துச்சு. ஒருநாள், அவளுக்கே மறந்துபோயிருந்த விளையாட்டை எங்கிருந்தோ எடுத்து, அடுப்படி வாசலில் நின்று, நார்ரா என்றாள், சிரிக்காமல். நான் மேசை இழுப்பறையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறம் போய் அடுப்பை அணைத்தாள். சண்டை என்று ஒன்று எங்களுக்குள் வந்ததே இல்லை. குழந்தை போன ஏழாவது வருஷம் மணப்பாறைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

"பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க" என்கிறாள் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து.

குனிந்து பார்க்கிறேன். மேலே ஒன்று விட்டுப்போயிருக்கிறது, சட்டை ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. அவிழ்த்துப் போடுகிறேன், ஐம்பது வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "எப்படி இருக்கே?" என்கிறேன்.

"இருக்கேன். சுகர் கொஞ்சம். கண்ணு மங்குது. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?"

"குருமடத்துல போடுறாங்க. அவரு வரலையா?"

"கீழ நிக்கிறாரு. மேல வர கூச்சப்படுறாரு."

நாலு ஆள் இடம் நடுவில். இப்போது சொல்லலாம். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சீலி, நான் பக்கத்தில் இல்லை என்றால் முடிந்தது. நார்ராபோ, சொல்வேன், எதிர்காலம், அதுவும் சுலபமான வடிவம்தான், நான் எதிர்காலத்திலேயே குடியிருந்தவன். நாளைக்குச் சொல்வேன், கிறிஸ்மஸ் முடிந்து சொல்வேன், அவள் கொஞ்சம் தேறட்டும் சொல்வேன். பயம் எதற்கு என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். திட்டுவாள் என்றா? திட்டினால் நல்லது. அவள் முகம் எப்படி மாறும் என்று தெரியாதே, அந்தப் பயம்தான். மந்திரம் எடுத்துக் கொடுத்த முகம் அது. அதற்காகத்தான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், கோழை கண்டுபிடிக்கிற வழி, ஆனால் வழி. இந்த நீதிமன்றத்தில் எல்லாச் சாட்சியமும் முடிந்த பிறகு இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கோப்பைப் படிக்கக் கொடுப்பார்கள், அது அவர்கள் முறை. நான் உள்ளே போய்ச் சொல்வேன், எழுத்தர் தட்டச்சு செய்வார், அவள் அடுத்த மாதம் வந்து, இதே கட்டிடத்தில் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து படிப்பாள். நான் அப்போது இருக்க மாட்டேன், முகத்தைப் பார்க்க வேண்டாம். கேள்வித்தாளில் பதினான்காவது கேள்வி, குழந்தைகள் உண்டா, விவரம். விவரம் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். நாலு நாளாக அதைத்தான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன், சொற்பட்டியல் வெறும் சாக்கு. நார்ராரே: எதைச் சொல்கிறோமோ அது நமக்கு இரண்டாம் வேற்றுமை, யாருக்குச் சொல்கிறோமோ அவர் நான்காம் வேற்றுமை. யாருக்கு என்பது இல்லாமலும் வாக்கியம் நிற்கும், தவறில்லை, அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். வராந்தாவின் கோடியில் யாரோ பினாயில் போட்டுத் துடைக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசனை. வேண்டாம், இப்போது வேண்டாம். என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

உள்ளே அமிர்தசாமி ஃபாதர், பதினெட்டு வருஷத்துக்கு முன் என்னிடம் இலத்தீனில் இரண்டு தடவை தோற்றவர், இப்போது நீதிபதி. நான் உட்காரும் வரைக்கும் அவர் உட்காரவில்லை. "சார், நீங்களே இங்க வந்து உக்காரும்படி ஆயிடுச்சு" என்றார், உண்மையான வருத்தம் குரலில். எழுத்தர் மெட்டில்டா அம்மா கணினிக்கு முன்னால். வேதாகமத்தில் கை வைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தேன். இங்கே ஒரு வழக்கம், நாம் சொல்வதை அப்படியே எழுத மாட்டார்கள். நாம் பேசுவதை ஃபாதர் கேட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, கோயில் தமிழில் அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் அடிப்பார். எங்கம்மா ஏழு ஞாயிறு நன்மை வாங்கலை ஃபாதர் என்றேன். எதிர்மனுதாரர் தம் தாயாரின் மனவருத்தத்துக்கு அஞ்சி இசைவு தெரிவித்தார் என்று அது திரையில் ஏறியது. யாரோ ஒரு கண்ணியமான ஆளின் கதை மாதிரி இருந்தது. திருமணத்தன்று உள்ளத்தில் முழு இசைவு இருந்ததா? இல்லை ஃபாதர். சரி. பதின்மூன்று கேள்வி இப்படிப் போயிற்று. பதினான்கு. "குழந்தைங்க, சார்?"

ஒரு பொண்ணு ஃபாதர், பதினோரு நாள் இருந்தா, என்று ஆரம்பித்தேன். குரல் சரியாகத்தான் வந்தது. இருதயத்துல கோளாறு, அவங்கம்மா பக்கத்துல இல்ல, நான் மட்டும்தான் இருந்தேன், கடைசி நாள் மத்தியானம் மூணு மணிக்கு. அங்கே ஃபாதர் கையை மெல்ல உயர்த்தினார். "சார், மன்னிக்கணும். மனசு கஷ்டப்பட்டுச் சொல்றீங்க, வேண்டாம். எங்களுக்கு வேணும்கிறது கல்யாணத்தன்னைக்கு உங்க மனசு எப்படி இருந்துச்சுங்கிறதுதான். அதுக்கப்புறம் நடந்த எதுவும் இந்த வழக்குக்குள்ள வராது." நான், இல்ல ஃபாதர், அதை எழுதணும் என்றேன். எழுதணும்னு ஒண்ணும் இல்ல சார் என்றார் அன்பாக, என்னைக் காப்பாற்றுகிறவராக, எழுத்தர் பக்கம் திரும்பி, "பெண் குழந்தை ஒன்று பிறந்து இறந்தது. போதும்மா" என்றார். மெட்டில்டா அம்மா அடித்தார். ஐந்து சொல். முற்றுப்புள்ளி. அப்புறம் முழுவதையும் வாசித்துக் காட்டினார்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். என் சாட்சியத்தில் பொய் என்று ஒரு வரி இல்லை. சீலிக்குப் புதிதாகத் தெரியவரும்படியும் ஒரு வரி இல்லை.

வெளியே வந்தபோது அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டிருந்தாள். சான்றிதழை வேறொருவர் வாங்கிக்கொண்டாராம்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது. அடுத்த மாசம் கோப்பைப் படிக்கக் கூப்பிடுவாங்க."

"அதுல படிக்க என்ன இருக்கு. எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான்."

போகப் போனாள். இரண்டு அடி வைத்துவிட்டாள். "சீலி, உக்காரு" என்றேன். நான் அவளிடம் அப்படிச் சொல்லி எத்தனையோ வருஷம். உட்கார்ந்தாள், இந்தத் தடவை நடுவில். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று தெரியும்.

"பாப்பா போனப்ப நான் பக்கத்துல இல்ல."

அவள் முகம் மாறவில்லை. பதினைந்து வருஷம் பயந்த முகம் அப்படியே இருந்தது.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"சிஸ்டர் எமரன்சியா. பாப்பா போன மூணாம் நாளே என்னைப் பாக்க வந்தாங்க. டீ குடிக்கப் போனீங்க. அவங்கதான் மடியில வச்சிருந்தாங்க. ரோஸ் துணி. எம்பேரையே வச்சீங்க. எல்லாம் சொன்னாங்க."

வராந்தாவில் ஈரத் தரை காய்ந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாளே. அப்படியென்றால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு கேட்டதெல்லாம் தெரிந்தே கேட்டது. அடுப்படி வாசலில் நின்று கேட்டதும். தெரியாதவளுக்குச் சொல்லவில்லையே என்று இத்தனை வருஷம் நான் வெந்துகொண்டிருந்தது, தெரிந்தவளுக்கு.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேட்டுக்கிட்டே இருந்தே?"

"அவங்க சொன்னது நர்ஸ் சொல்றது. நீங்க சொல்லணும்ல." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சிஸ்டருக்குத் தெரியல. அவ்வளவு நேரம் கடையில உக்காந்து என்ன நெனச்சீங்க?"

அதை மட்டும் விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு அடுத்த வரி எடுத்துக் கொடுத்த பெண்ணேதான்.

"முடிஞ்சா போதும்னு நெனச்சேன்" என்றேன். "அவ சீக்கிரம் போயிட்டா போதும்னு."

அழுதேன். சொல்லிவிடுகிறேன், ஆயர் இல்லத்து வராந்தாவில், பகலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் அழுதேன். அவள் தடுக்கவில்லை, தொடவும் இல்லை.

"நானும்தாங்க" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்க தினம் போன்ல அப்படியே இருக்கா, அப்படியே இருக்கான்னு சொன்னீங்கல்ல. எட்டாம் நாளோ ஒம்பதாம் நாளோ, எதிர்ல மாதா படம், அதைப் பாத்து, எடுத்துக்கம்மா, போதும், அவ கஷ்டப்பட வேணாம்னு வேண்டிட்டேன். பெத்தவ வேண்டுற வேண்டுதலா அது? நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க வாயைத் திறந்தா நானும் சொல்லிடலாம்னு பாத்தேன். நீங்களா ஆரம்பிப்பீங்கன்னு ஏழு வருஷம் பாத்தேன்."

அவள் அடுப்படி வாசலில் நின்று கேட்டது என் கதையை அல்ல, தன் கதைக்கு ஒரு இடம். அது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்ட பிறகு. ஒரே வீட்டில், ஒரே பாவத்தை ஆளுக்கு ஒரு அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, ஏழு வருஷம் ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்க வந்தது. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அவள் எழுந்துவிட்டாள்.

"முகத்தைத் துடைச்சிட்டுப் போ" என்றேன், அவள் கண்ணும் நனைந்திருந்தது. "கீழ நிக்கிறவரு என்னவோ ஏதோன்னு நெனச்சிக்கப் போறாரு."

"நெனைக்க மாட்டாரு. அவருக்குத் தெரியும்." பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "அவரு பொண்டாட்டி சாகக் கிடந்தப்ப அவரு என்ன நெனச்சாருன்னு மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாருங்க. நாங்க அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்கூட பேசினது கெடையாது. அவரு சொல்லவும் நானும் சொல்லிட்டேன்."

நான் தலையாட்டினேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க என்றாள். கண் மங்குகிறவள், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நிதானித்து இறங்கினாள். கீழே வேப்பமரத்தடியில் நின்றிருந்த மனுஷர் அவளைக் கண்டதும் நாலு எட்டு முன்னால் வந்தார். அவர் அவளிடம் ஏதோ கேட்பதும், அவள் நடந்துகொண்டே பதில் சொல்ல ஆரம்பிப்பதும் மாடியிலிருந்து தெரிந்தது.